பேரம் பேசுகிறவர் வேறு, ஏமாற்றுகிறவர் வேறு: ஆன்லைனில் பழைய பொருள் விற்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வீட்டில் சும்மா கிடக்கும் வாஷிங் மெஷினையோ பழைய போனையோ ஓ.எல்.எக்ஸ்.ஸிலோ ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸிலோ போட்டுப் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் போன் கத்த ஆரம்பித்துவிடும். "இருக்கா?" "லாஸ்ட் பிரைஸ் என்ன?" "எக்ஸ்சேஞ்ச் பண்ணுவீங்களா ப்ரோ?" முதல் தடவை விற்பவர் பலர் இங்கேயே களைத்துப்போய், யாராவது வந்து எடுத்துக்கொண்டு போனால் சரி என்ற நிலைக்கு வந்துவிடுகிறார்கள். அந்தக் களைப்பில்தான் பொருள் அடிமாட்டு விலைக்குப் போகிறது. மோசடிக்காரர் உள்ளே நுழைவதும் அப்போதுதான்.

ஆகவே முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். தொல்லை கொடுக்கும் ஆள் பத்துக் கேள்வி கேட்பார், பாதி விலைக்குக் கேட்பார், வருகிறேன் என்று சொல்லிவிட்டு வரமாட்டார். ஆனாலும் அவருக்கு உங்கள் பொருள் வேண்டும். மோசடிக்காரருக்குப் பொருளே வேண்டாம். அதனால் அவர் பேரம் பேசமாட்டார், நேரில் பார்க்க வேண்டும் என்று சொல்லமாட்டார், மரியாதையாக "சார், சார்" என்று பேசுவார். புதிதாக விற்பவர்கள் முதல் ஆளிடம் எரிச்சல்பட்டு, இரண்டாவது ஆளிடம் நிம்மதியாகப் போய் மாட்டிக்கொள்கிறார்கள். இருவரையும் கையாளும் முறை வேறு வேறு.

விளம்பரம் போடுவதற்கு முன்

பின்னால் வரும் சண்டையில் பாதியை இங்கேயே தீர்த்துவிடலாம். பொருளில் இருக்கும் குறையை நீங்களே படம் எடுத்துப் போடுங்கள். பிரிட்ஜின் பக்கவாட்டில் நசுங்கல் இருக்கிறதா, அதற்கென்று ஒரு படம். வாஷிங் மெஷினின் அடியில் துரு இருக்கிறதா, அதற்கும் ஒன்று. குறையைக் காட்டினால் ஆள் வராது என்று பயப்பட வேண்டாம். குறையைப் பார்த்த பிறகும் வருகிற ஆள்தான் வாங்குகிற ஆள். வாசலில் வந்து நின்றுகொண்டு அதே குறையைக் காட்டி விலையை இறக்கவும் அவரால் முடியாது.

எழுத்தில் இவை இருக்கட்டும்: எந்த ஆண்டு வாங்கியது, பில் இருக்கிறதா, எதுவும் ரிப்பேர் பார்த்ததா, ஏன் விற்கிறீர்கள், எந்த ஏரியா. ஏரியா பெயர் போதும், கதவு எண்ணும் தெருப் பெயரும் வேண்டாம். பில்லைப் படம் எடுத்துப் போடுவதாக இருந்தால் உங்கள் பெயர், முகவரி, போன் எண் இருக்கும் இடத்தை மறைத்துவிட்டுப் போடுங்கள். போனுக்கு விளம்பரம் போடுகிறவர்கள் ஐஎம்இஐ எண் (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்) தெரியும்படி பெட்டியைப் படம் எடுத்துப் போடவே கூடாது.

விலை விஷயத்தில் ஒரு வார்த்தை. அதே மாடலை மற்றவர்கள் என்ன விலைக்குப் போட்டிருக்கிறார்கள் என்று பார்ப்பது சரிதான். ஆனால் அது அவர்கள் கேட்கும் விலை, விற்ற விலை அல்ல. புதுப் பொருள் இன்று என்ன விலைக்குக் கிடைக்கிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஆடித் தள்ளுபடி, தீபாவளி ஆஃபர் நேரத்தில் புதுசே இறங்கி வரும். அந்த நேரத்தில் நான்கு வருடப் பழைய மெஷினுக்குப் பாதி விலைக்கு மேல் கேட்டால் வாக்குவாதம்தான் மிஞ்சும். இந்த ஊரில் யாரும் பேரம் பேசாமல் பழைய பொருள் வாங்குவதில்லை. எனவே பத்து, பதினைந்து சதவீதம் இடம் விட்டு விலை போடுங்கள்.

போடும் விலை ஒன்று, இதற்குக் கீழே கொடுப்பதில்லை என்ற விலை ஒன்று. இந்த இரண்டாவதை ஒரு தாளில் எழுதி வையுங்கள், வீட்டில் எல்லோரிடமும் சொல்லியும் வையுங்கள். நீங்கள் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் வந்து, "சார்கிட்ட பேசிட்டேன்மா, ஆறாயிரம்னு சொன்னாரு" என்று வீட்டில் இருக்கும் அம்மாவிடம் கொடுத்துவிட்டு எடுத்துக்கொண்டு போகிறவர்கள் உண்டு. "எம்புள்ள வந்தப்புறம் வாங்கப்பா" என்று மட்டும் சொல்ல வீட்டில் இருப்பவர்களைப் பழக்கிவிடுங்கள்.

முதல் மெசேஜ்

"இருக்கா?" என்று கேட்டுவிட்டுக் காணாமல் போகிறவர்கள்தான் அதிகம். ஃபேஸ்புக்கில் அந்தக் கேள்வி ஒரு பட்டனாகவே இருக்கிறது, விரல் பட்டாலே போய்விடும். அதனால் கோபப்படத் தேவையில்லை, ஒவ்வொருவருக்கும் புதிதாக டைப் செய்யவும் தேவையில்லை. ஒரு பதிலை எழுதி வைத்துக்கொண்டு எல்லோருக்கும் அதையே அனுப்புங்கள்:

"வணக்கம். பொருள் இருக்கிறது. விலை 8,500. நேரில் பார்த்து, ஓட்டிப் பார்த்துவிட்டுப் பேசலாம். சனி, ஞாயிறு காலை 10 முதல் 1 மணி வரை வரலாம். நீங்கள் எந்த ஏரியா?"

கடைசியில் இருக்கும் கேள்விதான் முக்கியம். வாங்கும் எண்ணம் உள்ளவர் ஏரியாவைச் சொல்வார், எப்போது வரலாம் என்று கேட்பார். மற்றவர்கள் அத்தோடு போய்விடுவார்கள்.

"லாஸ்ட் பிரைஸ் சொல்லுங்க" என்று கேட்டால் கடைசி விலையைப் போனில் சொல்லிவிடாதீர்கள். போனில் சொன்ன கடைசி விலை வாசலில் ஆரம்ப விலையாகிவிடும். "பார்த்துட்டு வாங்கிக்கிற மாதிரி இருந்தா நேர்ல கொஞ்சம் குறைச்சுக்கலாம்" என்பது போதும். 8,500 ரூபாய்ப் பொருளை மூவாயிரத்துக்குக் கேட்டால் "அந்த விலைக்கு வராதுங்க" என்று ஒரு வரி. ஏன் வராது என்று விளக்க ஆரம்பித்தால் வாதம் முடியாது. "நீயே வச்சுக்கோ" என்று மரியாதை குறைந்து பேசினால் பதிலே வேண்டாம், பிளாக் செய்துவிட்டு அடுத்த ஆளைப் பாருங்கள்.

பெண்கள் விளம்பரம் போட்டால் பொருளுக்குச் சம்பந்தமில்லாத மெசேஜ்களும் வரும் என்பதை வருத்தத்தோடுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. போன் எண்ணை விளம்பரத்தில் காட்டாமல் தளத்தின் சாட்டிலேயே பேச முடியும், அதை வைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்புக்குப் போனால் புரொஃபைல் படம் கான்டாக்டில் இல்லாதவர்களுக்குத் தெரியாதபடி மாற்றிவிடுங்கள். கையில் எடுத்துப் போகக்கூடிய பொருளை வீட்டில் வைத்து விற்கவே வேண்டாம். மெட்ரோ ஸ்டேஷன் வாசல், கூட்டம் இருக்கும் டீக்கடை, தெரிந்தவர் கடை என்று ஓர் இடத்தை நீங்களே சொல்லுங்கள். பெரிய பொருள் என்றால் வீட்டில் இன்னொருவர் இருக்கும் நேரத்துக்கு மட்டும் வரச் சொல்லுங்கள், முடிந்தால் பொருளை ஹாலுக்கோ வராந்தாவுக்கோ கொண்டுவந்து வைத்துவிடுங்கள்.

"எனக்கு எடுத்து வைங்க" என்பவர்

"நாளைக்கு வர்றேன், வேற யாருக்கும் குடுத்துடாதீங்க" என்று ஒருவர் சொல்வார். நீங்களும் அடுத்து வந்த நான்கு பேரிடம் விற்றுவிட்டது என்று சொல்லிவிடுவீர்கள். மறுநாள் அவர் போனை எடுக்கமாட்டார். புதியவர்களுக்கு அதிகம் மனக்கசப்பு தருவது இதுதான்.

வழி எளியது. முதலில் பணத்தோடு வருபவருக்குத்தான் பொருள் என்று எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள். எடுத்து வைக்க வேண்டும் என்று ஒருவர் வற்புறுத்தினால் டோக்கன் அட்வான்ஸ் கேளுங்கள். பத்தாயிரம் ரூபாய்ப் பொருளுக்கு ஐநூறு போதும். அதை வாங்கும்போதே நிபந்தனையை மெசேஜில் எழுதிவிடுங்கள்: "ஞாயிறு மாலை 6 மணி வரை எடுத்து வைக்கிறேன். நேரில் பார்த்து விளம்பரத்தில் சொன்னபடி இல்லையென்றால் டோக்கன் முழுக்கத் திருப்பித் தருகிறேன். நீங்கள் வரவில்லை என்றால் திருப்பித் தர இயலாது." அவர் "ஓகே" என்று அனுப்பட்டும். டோக்கன் என்றதும் பின்வாங்குபவர் எப்படியும் வந்திருக்கமாட்டார். ஆனால் பொருளைப் பார்க்காமல் பணம் போட ஒருவர் தயங்குவதிலும் நியாயம் இருக்கிறது. அவரைக் குறை சொல்லாமல், "சரி, நேர்ல வந்தே பேசிக்கலாம்" என்று விட்டுவிடுங்கள்.

வாசலில் நடக்கும் பேரம்

போனில் எட்டாயிரத்துக்கு ஒத்துக்கொண்ட ஆள் ஒரு நண்பரோடு வருவார். வாங்குபவர் பேசமாட்டார், நண்பர்தான் பேசுவார். மெஷினைச் சுற்றி வந்து, குனிந்து பார்த்து, உதட்டைப் பிதுக்கி, "கீழ துரு இருக்கே சார். டிரம்மும் சத்தம் வருது. இதுக்கு எட்டாயிரமா? ஆறாயிரத்து ஐநூறு, கையில கேஷ் இருக்கு, வெளியில குட்டியானை நிக்குது, இப்பவே ஏத்திடறோம்" என்பார். கட்டு நோட்டையும் எடுத்துக் காட்டுவார். வண்டி நிற்கிறது, பணம் தெரிகிறது, வீட்டில் இடம் காலியாக வேண்டும். உங்களை அவசரப்படுத்துவதற்காக அமைத்த காட்சி இது. வண்டி வாடகை கொடுத்து வந்திருக்கும் அவரும் வெறுங்கையோடு போக விரும்பமாட்டார் என்பது அந்த நேரத்தில் நமக்குத் தோன்றாது.

அவசரப்படாமல் விளம்பரத்தைத் திறந்து, துரு இருக்கும் படத்தைக் காட்டுங்கள். "துருவை நாங்களே போட்டிருக்கோம் தம்பி. அதுக்கும் சேர்த்துத்தான் எட்டாயிரம்." சத்தம் என்றால், மெஷினைத் தண்ணீர் விட்டு ஓட்டிக் காட்டுங்கள். அதற்காகத்தான் அவர்கள் வருவதற்கு முன்பே குழாயையும் பிளக்கையும் போட்டுத் தயாராக வைத்திருக்க வேண்டும். பிரிட்ஜ் என்றால் ஒரு ராத்திரி முன்பே ஓடவிட்டு ஐஸ் தட்டில் தண்ணீர் ஊற்றி வைத்துவிடுங்கள், உறைந்திருப்பதைப் பார்த்தாலே பாதிக் கேள்வி போய்விடும்.

நிஜமாகவே நீங்கள் கவனிக்காத ஒரு குறையை அவர் கண்டுபிடித்தால்? ஒத்துக்கொண்டு, அதைச் சரிசெய்ய ஆகும் செலவைக் குறையுங்கள். நியாயமாகக் குறைக்கும் விற்பனையாளரிடம் அதற்கு மேல் யாரும் அதிகம் இழுப்பதில்லை. குறை எதுவும் இல்லாமல் வெறுமனே கேட்டால், முந்நூறு ஐநூறு குறைக்க விலையில் ஏற்கனவே இடம் விட்டிருக்கிறீர்கள், கொடுத்து முடியுங்கள். அதற்கும் கீழே போனால், "பரவாயில்லைங்க, இன்னொருத்தரும் பார்க்க வர்றாங்க" என்று சொல்லிவிட்டு மெஷினை மூடிவிடுங்கள். கேட் வரை போய்த் திரும்பி வருபவர்கள் நிறைய.

இப்படிப் பேசுபவர்களில் பலர் பழைய பொருள் வாங்கி விற்கும் வியாபாரிகள். அவர்களைக் கண்டு முகம் சுளிக்க வேண்டாம். விலை குறைவாகத்தான் கேட்பார்கள். ஆனால் சொன்ன நேரத்துக்கு வருவார்கள், எடுத்த பொருளுக்குப் பிறகு போன் செய்து புகார் சொல்லமாட்டார்கள். வீடு காலி செய்ய இரண்டு நாள்தான் இருக்கிறது என்றால் அவர்களுக்கே கொடுத்துவிடலாம் என்பது என் கருத்து.

மூன்றாவது மாடியிலிருந்து பீரோவை இறக்குவது யார், வண்டி வாடகையும் ஏற்று இறக்குக் கூலியும் யார் தருவது என்பதை முன்னமே மெசேஜில் பேசிவிடுங்கள். வாசலில் பேசினால் அதுவும் விலையில்தான் கழியும்.

பேரமே பேசாத ஆள்

இனி மோசடிக்காரர். நாடு முழுக்க ஒரே அச்சில் நடக்கும் வேலை இது. விளம்பரம் போட்ட கொஞ்ச நேரத்திலேயே போன் வரும். பேசுபவர் தன்னை ராணுவத்தில் அல்லது சி.ஐ.எஸ்.எஃப்.பில் (மத்திய தொழில் பாதுகாப்புப் படை) இருப்பதாகச் சொல்வார். இப்போது டியூட்டியில் இருக்கிறேன், வர முடியாது, என் ஆள் வந்து வண்டியில் எடுத்துக்கொள்வார், பணத்தை இப்போதே ஆன்லைனில் போட்டுவிடுகிறேன் என்பார். நம்பிக்கைக்காகச் சீருடைப் படம், அடையாள அட்டை, கேன்டீன் கார்டு, ஆதார் என்று வரிசையாக அனுப்புவார். அவை அசல் அட்டைகளின் படங்களாகவே இருக்கலாம், வேறு யாரிடமோ இருந்து களவாடியவை. கேட்ட விலைக்கு அப்படியே ஒத்துக்கொள்வார்.

பிறகு ஒரு கியூஆர் கோடு வரும். "எங்க டிபார்ட்மென்ட் அக்கவுன்ட்ல இருந்துதான் சார் பணம் வரும், இதை ஸ்கேன் பண்ணுங்க. முதல்ல செக் பண்ண நீங்க அஞ்சு ரூபாய் போடுங்க, பத்து ரூபாயாத் திரும்ப வரும்." போடுவீர்கள், பத்து ரூபாய் வந்துவிடும். அந்தப் பத்து ரூபாய்தான் தூண்டில். அடுத்த ஸ்கேனில் எட்டாயிரம் போகும். "ஐயோ, மிஸ்டேக் ஆயிடுச்சு சார், ரீஃபண்ட் பண்றேன், இன்னொரு தடவை ஸ்கேன் பண்ணுங்க" என்பார். பதற்றத்தில் மறுபடி ஸ்கேன் செய்து, மறுபடி இழந்தவர்கள் ஏராளம்.

இதற்கெல்லாம் ஒரே விதிதான், மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குப் பணம் வருவதற்கு நீங்கள் எதையும் ஸ்கேன் செய்ய வேண்டாம், யுபிஐ பின் போட வேண்டாம், ஓடிபி சொல்ல வேண்டாம், லிங்க் எதையும் தொட வேண்டாம். உங்கள் எண்ணோ யுபிஐ ஐடியோ அவரிடம் இருந்தால் போதும், பணம் தானாக வந்து விழும். பின் கேட்கிற திரை வந்துவிட்டால், பணம் உங்களிடமிருந்து போகப்போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முன்பு "கலெக்ட் ரிக்வெஸ்ட்" அனுப்பி, பணம் வருகிறது என்று நம்பவைத்து ஓகே அழுத்த வைப்பார்கள். தனிநபர் தனிநபரிடம் அப்படிக் கேட்கும் வசதியை 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்திவிட்டார்கள். அதனால் அந்த வழி அடைபட்டது. கியூஆர் கோடும் லிங்க்கும் இன்னும் திறந்தே இருக்கின்றன.

இதே கூட்டத்தின் வேறு வேஷங்களும் உண்டு. பணம் போட்டுவிட்டேன் என்று பச்சை டிக் போட்ட ஸ்கிரீன்ஷாட் அனுப்புவார்கள். ஜி-பே, போன்பே திரையை அப்படியே போலச் செய்து காட்டும் போலி ஆப்கள் இருக்கின்றன, நேரில் நின்றுகொண்டே அதைக் காட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். எஸ்.எம்.எஸ். வந்திருக்கிறதே என்று நம்பிவிடாதீர்கள். சாதாரணப் பத்து இலக்க எண்ணிலிருந்து "உங்கள் கணக்கில் வரவு" என்று அவர்களே அனுப்புவார்கள். நீங்களே உங்கள் வங்கி ஆப்பைத் திறந்து, ஸ்டேட்மென்டில் அந்த வரவும் பன்னிரண்டு இலக்க யுபிஐ ரெஃபரன்ஸ் எண்ணும் இருக்கின்றனவா என்று பாருங்கள். "சர்வர் ஸ்லோ, அரை மணியில வந்துடும்" என்றால், வரட்டும், காத்திருக்கலாம். பொருளும் அதுவரை உள்ளேயே இருக்கட்டும்.

இன்னொன்று: "எட்டாயிரத்துக்குப் பதிலா எண்பதாயிரம் போட்டுட்டேன் சார், அவசரமா மீதியைத் திருப்பி அனுப்புங்க, ஆஸ்பத்திரி செலவு" என்று அழுகிற குரலில் பேசுவது. பெரும்பாலும் பணமே வந்திருக்காது, போலி எஸ்.எம்.எஸ்.தான் வந்திருக்கும். நிஜமாகவே வந்திருந்தாலும் நீங்களாக வேறு கணக்குக்கு அனுப்பாதீர்கள். "உங்க பேங்க்ல சொல்லுங்க, நானும் என் பேங்க்ல சொல்றேன்" என்று வங்கி வழியாகவே திருப்புங்கள். வந்தது வேறொருவரிடம் திருடிய பணமாக இருந்து, அதை நீங்கள் கைமாற்றிவிட்டால், சைபர் போலீஸ் விசாரணையில் உங்கள் கணக்கும் முடங்கும்.

கணக்கு முடங்குவது இப்போது நிறையப் பேருக்கு நடக்கிறது என்பதால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். எங்கோ ஒருவர் பணத்தை இழந்து புகார் கொடுக்கிறார். அந்தப் பணம் பயணித்த கணக்குகளை எல்லாம் வங்கிகள் நிறுத்தி வைக்கின்றன. உங்கள் பழைய போனை வாங்கியவர் அந்தப் பணத்திலிருந்து கொடுத்திருந்தால், எதுவும் அறியாத உங்கள் கணக்கிலும் அந்தத் தொகைக்குத் தடை விழும். அப்போது நீங்கள் காட்ட வேண்டியது, இன்ன பொருளை இன்னாருக்கு விற்று வாங்கிய பணம் இது என்பதற்கான ஆதாரம். விளம்பரம், சாட், ரசீது எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஓர் ஆண்டாவது வைத்திருங்கள். வாங்கும் ஆள் ஒருவர், பணம் போடும் பெயர் வேறொருவர் என்றால், அது யார் என்று கேளுங்கள். அண்ணன், மனைவி என்றால் சரி. சம்பந்தமே இல்லாத வெளிமாநிலப் பெயர் என்றால் "கேஷா குடுத்துடுங்க" என்று சொல்லிவிடுங்கள்.

பணம் போய்விட்டதா? உடனே 1930. இதுதான் தேசிய சைபர் குற்ற உதவி எண். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்கு, பணம் அடுத்த கணக்குக்குப் போவதற்குள் தடுக்க வாய்ப்பு அதிகம். சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்திலும் புகாரைப் பதிவு செய்து அந்தப் புகார் எண்ணை எழுதி வையுங்கள். வங்கிக்கும் சொல்லுங்கள். வீட்டில் என்ன சொல்வார்களோ என்ற கூச்சத்தில் ராத்திரி முழுக்க யோசித்துவிட்டுக் காலையில் சொல்லாதீர்கள். இப்படி மாட்டுபவர்களில் படித்தவர்களும் வங்கியில் வேலை பார்ப்பவர்களும் உண்டு. இதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

பணம் கைக்கு வரும்போது

ரொக்கம் என்றால் வாங்குபவர் முன்னாலேயே எண்ணுங்கள். 500 ரூபாய் நோட்டைச் சாய்த்துப் பார்த்தால் அதன் பாதுகாப்பு இழை பச்சையிலிருந்து நீலமாக மாறும். கட்டின் மேலும் கீழும் பார்த்துவிட்டு நடுவில் இருப்பதை விட்டுவிடாதீர்கள். கார் மாதிரிப் பெரிய தொகை என்றால், ஒரே விற்பனைக்கு இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டம் அனுமதிப்பதில்லை. வங்கி வழியாகவே வாங்குங்கள்.

"லிமிட் முடிஞ்சிடுச்சு, ஐயாயிரம்தான் போகுது" என்று சிலர் வாசலில் நின்று விழிப்பார்கள். யுபிஐயைப் புதிதாகப் பதிவு செய்தவருக்கு முதல் 24 மணி நேரத்துக்கு ஐயாயிரம்தான் வரம்பு, ஆகவே அது உண்மையாகவும் இருக்கலாம். நெட் பேங்கிங்கில் ஐ.எம்.பி.எஸ். (உடனடிப் பணப் பரிமாற்றம்) போடச் சொல்லுங்கள், இல்லையென்றால் பக்கத்து ஏ.டி.எம்.முக்குப் போய்வரட்டும். மீதியை நாளைக்குத் தருகிறேன் என்பதற்கு மட்டும், தெரிந்தவராக இருந்தாலும், ஒத்துக்கொள்ள வேண்டாம்.

போன் விற்கிறீர்கள் என்றால்

படங்களையும் வாட்ஸ்அப்பையும் பேக்கப் எடுத்த பிறகு, வங்கி ஆப்களிலும் யுபிஐ ஆப்களிலும் இருந்து வெளியே வாருங்கள். ஆண்ட்ராய்டு என்றால் கூகுள் கணக்கை நீக்கிவிட்டுத்தான் ஃபேக்டரி ரீசெட் செய்ய வேண்டும். நீக்காமல் செய்தால் வாங்கியவரிடம் போன் உங்கள் பாஸ்வேர்டைக் கேட்டுக்கொண்டே நிற்கக்கூடும், அவர் உங்களைத் தேடி வருவார். ஐபோன் என்றால் ஃபைண்ட் மை வசதியை அணைத்து, ஐகிளவுடிலிருந்து வெளியேறிவிட்டு அழியுங்கள். சிம், மெமரி கார்டு, இ-சிம் மூன்றையும் மறக்காதீர்கள்.

விவரம் தெரிந்த வாங்குபவர் *#06# போட்டு ஐஎம்இஐ எண்ணைப் பார்த்து, திருட்டுப் போனா என்று அரசின் சஞ்சார் சாத்தி தளத்திலோ 14422 எண்ணுக்கு எஸ்.எம்.எஸ். அனுப்பியோ சோதிப்பார். சந்தேகப்படுகிறாரே என்று கோபித்துக்கொள்ளாமல் நேரில் வந்தவருக்கு எண்ணைக் காட்டுங்கள். பதிலுக்கு நீங்களும் ஒன்று கேளுங்கள்: ஒரு வெள்ளைத்தாளில் தேதி, மாடல், ஐஎம்இஐ எண், தொகை, அவருடைய பெயர், போன் எண் எழுதி, "பார்த்து, சோதித்து, இருக்கும் நிலையிலேயே வாங்கிக்கொண்டேன்" என்று கையெழுத்து. ஆளுக்கு ஒரு பிரதி. அந்தப் போனை வைத்து நாளைக்கு யாராவது தவறு செய்தால் விசாரணை முதலில் பில்லில் பெயர் உள்ள உங்களிடம்தான் வரும்.

பைக் விற்கிறீர்கள் என்றால்

"ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்கிறேன்" என்று கேட்டு அப்படியே போய்விட்ட சம்பவங்கள் செய்தியில் அடிக்கடி வருகின்றன. ஓட்டிப் பார்க்காமல் யாரும் பைக் வாங்கமாட்டார்கள், ஆகவே மறுக்கவும் முடியாது. லைசென்ஸ் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பின்சீட்டில் நீங்களோ வீட்டு ஆளோ உட்கார்ந்து போங்கள். அவர் வந்த வண்டியின் சாவியை வாங்கி வைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள், அதுவே திருட்டு வண்டியாக இருக்கலாம்.

பேரம் முடிந்ததும் வரும் தொல்லைதான் பெரிது: "பெயர் மாத்துறதை நான் அப்புறம் பார்த்துக்கறேன்." இதற்கு மட்டும் மசிந்துவிடாதீர்கள். ஆர்.சி.யில் உங்கள் பெயர் இருக்கும் வரை போக்குவரத்து அபராதம் உங்கள் போனுக்குத்தான் வரும். விபத்து நடந்தால் இழப்பீட்டுப் பொறுப்பும் பதிவேட்டில் பெயர் உள்ளவருடையதுதான் என்று 2018-ல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் உரிய இடங்களில் கையெழுத்துப் போட்டு, 14 நாளுக்குள் அரசின் பரிவாகன் தளம் வழியாக ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்துவிடுங்கள். பைனான்ஸ் இருந்தால் அதை முடித்து எச்.பி.யை (ஆர்.சி.யில் இருக்கும் கடன் பதிவு) கேன்சல் செய்த பிறகே விளம்பரம் போடுவது நல்லது. நான் பரிந்துரைப்பது, பெயர் மாற்றத்துக்கு இருவருமாகச் சேர்ந்து விண்ணப்பித்து, அதன் ரசீதைப் பார்த்த பிறகு சாவியைக் கொடுப்பதுதான். ஒத்துவராதவரை விட்டுவிடுங்கள். வண்டியைக் கொடுத்த தேதியும் நேரமும் எழுதிய டெலிவரி நோட்டில் அவர் கையெழுத்தும், கூடவே அவருடைய அடையாள அட்டை நகலும் உங்களிடம் இருக்கட்டும்.

விற்ற பிறகு வரும் போன்

மூன்று நாள் கழித்து, "சார், மெஷின் ஓடலை" என்று போன் வரும். எடுக்காமல் விடுவது தப்பு, உடனே பணத்தைத் திருப்பித் தருவதும் தப்பு. முதலில் கேளுங்கள். பாதி நேரம் சிக்கல் பொருளில் இருக்காது. தண்ணீர்க் குழாயில் அழுத்தம் இல்லாமல் இருக்கும், ட்ரான்ஸிட் போல்ட்டை (கொண்டுபோகும்போது டிரம் ஆடாமல் பிடித்திருக்கும் போல்ட்) கழற்றாமல் ஓட்டியிருப்பார்கள், பிரிட்ஜைப் படுக்கவைத்துக் கொண்டுபோய் இறக்கிய உடனே சுவிட்ச் போட்டிருப்பார்கள். போனிலேயே சொல்லிச் சரிசெய்யலாம். நீங்கள் வழக்கமாகக் கூப்பிடும் மெக்கானிக்கின் எண்ணைக் கொடுப்பதும் ஓர் உதவிதான்.

நீங்கள் தெரிந்தே மறைத்த குறை எதுவும் இல்லை, அவர் ஓட்டிப் பார்த்துத்தான் எடுத்தார் என்றால், "நீங்க ஓட்டிப் பார்த்துத் திருப்தியாத்தான் எடுத்தீங்க. பழைய பொருளுக்கு வாரண்டி தர முடியாதுன்னு அன்னைக்கே சொன்னேன்" என்று தணிந்த குரலில் சொல்லுங்கள். மாறாக, விளம்பரத்தில் நீங்கள் சொன்ன ஒன்று நிஜத்தில் இல்லை என்றால், பணத்தைத் திருப்பித் தந்து பொருளை எடுத்துக்கொள்வதுதான் முறை.

"வீடு தெரியும், ஆளோட வர்றேன்" என்று மிரட்டினால் போனில் வாக்குவாதம் செய்ய வேண்டாம். "எதுவா இருந்தாலும் மெசேஜ்ல எழுதுங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுங்கள். எழுதச் சொன்னதும் பலருடைய வேகம் குறைந்துவிடும். எழுதியும் மிரட்டினால் அந்த மெசேஜோடு உள்ளூர்க் காவல் நிலையத்தில் மனு கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது (மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகை) வாங்கிக்கொள்ளுங்கள்.

பொருள் வண்டி ஏறியதுமே விளம்பரத்தை "விற்றாகிவிட்டது" என்று மாற்றிவிடுங்கள். காத்திருந்த மற்றவர்களுக்கும் ஒரு வரி அனுப்புங்கள், அவர்களில் ஒருவர் உங்கள் அடுத்த பொருளுக்கு வருவார்.